நமது நுரையீரலுக்கு வாடகையா?

2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இந்திய சர்க்கார் புதிய மருந்துகளையும் அவற்றின் பரிசோதனைகளையும் பற்றிய விதிகளில் ஒரு திருத்தம் செய்தனர். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்குமுன் எலிக்கும் முயலுக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்ப்பதே இதுகாறும் இருந்துவந்த வழக்கம். மனித உயிரணுக்களைக் கொண்டு செய்யும் சோதனைகள், கம்ப்யூட்டர் மூலம் போடும் கணக்குகள், ‘அவயவச் சில்லு’ என்னும் நூதன சாதனங்கள் ஆகியவற்றின் முடிவுகளையும் இனி ஏற்கலாம் என்று அத்திருத்தம் இடமளித்தது. நல்ல திருத்தம், அதை வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் காரியம் முடிந்ததாகுமா? அக்கதவின் வழியே உள்ளே வரப்போவது நமது ஆராய்ச்சிச் சாலைகளில் பிறந்த சாதனமா, கப்பலில் வந்திறங்கும் சரக்கா என்ற கேள்வியை இன்றே கேட்டாக வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் அதற்கு விடை ஒன்றுதான் இருக்கும். அது நமக்கு உவப்பானதாக இராது.

அவயவச் சில்லு என்பது யாது? நேயர்கள் தீப்பெட்டியிலும் சிறியதான ஒரு ரப்பர்த் துண்டை மனத்தில் கொள்க. அது கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். அதனுள்ளே மயிரிழை அகலமுள்ள கால்வாய்கள் ஓடும். அவற்றின் வழியே, சொட்டுக்கும் குறைவான திரவத்தை, வேண்டிய வேகத்தில், வேண்டிய திசையில் செலுத்தலாம். இவ்வகைச் சாதனங்களுக்கு ‘மைக்ரோபுளூயிடிக்’ சாதனங்கள் என்று மேனாட்டார் பெயரிட்டிருக்கின்றனர். நாம் அவற்றை நுண்ணோட்டச் சில்லுகள் எனலாம். அக்கால்வாய்ச் சுவர்களில் மனித உடலின் உயிரணுக்களைப் பயிர் செய்து, ஓர் அவயவத்தின் தொழிலை நடக்கச் செய்தால் அதுவே அவயவச் சில்லு.

இதைச் செய்யும் முறை கம்மாளர் வார்ப்பு வேலையை ஒத்தது. முதலில் சிலிக்கன் தகட்டின் மீது, ஒளியின் உதவியால், கால்வாயின் உருவத்தை மேடாக எழுப்பி அச்சு ஒன்று தயாரிக்கிறார்கள். அதன் மேல் சிலிக்கோன் ரப்பர்க் குழம்பை வார்த்து, அடுப்பின் இளஞ்சூட்டில் இறுகச் செய்து, உரித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் என்ற ரசாயன சாஸ்திரியும் அவருடைய மாணாக்கர்களும் 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் இம்முறையை எளிதாக்கினர். அச்சுச் செய்வதற்குத்தான் தூசியற்ற அறையும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். அச்சு ஒன்று கையில் இருந்தால், ஒரு சாதாரணக் கலாசாலையின் ஆராய்ச்சி மேஜை மீதே நாள்தோறும் வார்த்துக்கொள்ளலாம். இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் நமக்கு இது தேவைப்படும்.

1887-ம் வருஷம் ஜெர்மனியில் பெட்ரி என்பவர் மூடியுள்ள கண்ணாடித் தட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். அன்று முதல் உலகத்துக் கிருமி ஆராய்ச்சியெல்லாம் அத்தட்டத்தில்தான் நடந்து வந்திருக்கிறது. அதனால் விளைந்த நன்மை அளவற்றது. ஆனால் தட்டத்தில் இருப்பது குட்டை நீர். நமது உடலில் ஓடுவது ஆற்று நீர். இரத்தம் ஓடுகிறது, குடல் நெளிகிறது, நுரையீரல் விரிந்து சுருங்குகிறது. ஓட்டமும் அசைவும் இன்றி நிற்கும் உயிரணு தன் இயல்பை மறந்துவிடுகிறது. சில்லின் கால்வாயிலோ ஓட்டம் உண்டு. அதுவும் கட்டுக்கடங்கிய ஓட்டம். அவ்வளவு குறுகிய வழியில் திரவம் சுழித்துக் கலங்குவதில்லை. இரண்டு நிறத் திரவங்களை அருகருகே விட்டால், கூடுதுறையில் செந்நீரும் தெளிநீரும் சிறிது தூரம் ஒட்டியே செல்வது போல, கலவாமல் செல்கின்றன. ஆகவே ஒரே கால்வாயில் ஒரு கரையிலுள்ள அணுக்களுக்கு மருந்தும், மறு கரையிலுள்ளவற்றுக்கு வெறும் ஊட்டமும் அளித்து, வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

2010-ம் வருஷத்தில் ஹார்வர்டைச் சேர்ந்த டொனால்டு இங்பர் என்பவரின் குழுவினர் ‘நுரையீரல் சில்லு’ ஒன்றைச் செய்து காட்டினர். மேலும் கீழுமாக இரண்டு கால்வாய்கள். நடுவே துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வு. சவ்வின் மேற்புறம் மனித நுரையீரலின் அணுக்கள். அவற்றின் மீது காற்று. கீழ்ப்புறம் நுண்ணிய இரத்தக் குழாயின் அணுக்கள். அவற்றைத் தழுவி ஓடும் திரவம். இரு பக்கங்களிலும் உள்ள அறைகளிலிருந்து காற்றை உறிஞ்சி விடுத்தால், சவ்வு விரிந்து சுருங்குகிறது. அதாவது, சில்லு மூச்சு விடுகிறது. காற்றுப் பக்கத்தில் கிருமிகளை விட்டனர். கீழே ஓடிய திரவத்தில் இருந்த வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரைப் பற்றி, சவ்வின் துளைகளில் நுழைந்து, மேலே ஏறி அக்கிருமிகளை விழுங்கின. நம் ஒவ்வொருவரின் மார்பிலும் இடைவிடாது நடக்கும் இந்தப் போரை உயிருள்ள மனிதனிடம் கண்ணால் காண வழியில்லை. சில்லிலே அது பூதக்கண்ணாடியின் கீழ் நடந்தேறியது.

அதே குழுவினர் 2012-ல் மற்றோர் உண்மையைக் கண்டனர். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஒரு மருந்து சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும் என்பது வைத்தியர்கள் அறிந்ததே. அம்மருந்தைச் சில்லில் செலுத்தியபோதும் நீர் கசிந்தது. ஆனால் மூச்சசைவு இருந்தபோது கசிவு மிகுந்தது. அசைவை நிறுத்தியபோது குறைந்தது. நிற்கும் தட்டத்தில் இவ்வுண்மை எக்காலத்திலும் வெளிப்பட்டிராது. குடல் சில்லும் அவ்வாண்டிலேயே பிறந்தது. நெளிவும் ஓட்டமும் கிடைத்தவுடன் குடலணுக்கள் தாமாகவே மடிப்பு மடிப்பாக எழுந்தன. குடலில் இயல்பாக வாழும் நன்மைக் கிருமியும் அவற்றுடன் ஒரு வாரத்துக்கு மேல் கேடின்றிக் குடியிருந்தது.

சரி, எலியும் குரங்கும் இருக்க இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2006-ம் வருஷம் மார்ச்சு மாதம் லண்டனில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். புதிய மருந்து ஒன்றைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர், கேடு ஒன்றுமில்லை. குரங்குக்குக் கேடற்றது என்று கண்ட அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கை ஆரோக்கியமுள்ள ஆறு வாலிபர்களுக்குச் செலுத்தினர். சில மணி நேரத்துக்குள் அறுவரும் உயிருக்குப் போராடும் நிலையை அடைந்தனர். உயிர் தப்பினரேனும், ஒருவர் விரல்களை இழந்தார். அம்மருந்து பற்றிக்கொள்ளும் பொருள், மனிதனுடைய சில வெள்ளணுக்களில் உண்டு. குரங்கின் அதே வகை அணுக்களில் இல்லை. பின்னர் நடந்த ஆராய்ச்சியில் கண்ட காரணம் இவ்வளவுதான். மனிதனிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் ஏறக்குறையப் பத்துக்கு ஒன்பது, கடைசியில் கடைக்கு வராமலே போகின்றன. அவை யாவும் பிராணிகளிடம் தேறியவையே. வாயில்லாப் பிராணிகள் படும் துன்பம் ஒரு புறம் இருக்க, அத்துன்பத்தின் பயனே சந்தேகத்துக்கு இடமாயிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் கதையும் படிப்பினை உடையது. 1937-ல் அங்கே விஷத் திரவத்தில் கரைத்து விற்கப்பட்ட ஒரு மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் விளைவாக 1938-ல் ஒரு சட்டம் பிறந்தது. விற்பனைக்கு முன் மருந்தின் பத்திரத்தை நிரூபிக்க வேண்டும் என்று விதித்த அச்சட்டத்தின் கீழ் பிராணிப் பரிசோதனை கட்டாயமாயிற்று. எண்பத்து நான்கு வருஷங்களுக்குப் பின், 2022 டிசம்பரில், அக்கட்டாயத்தை அமெரிக்கர் நீக்கினர். 2025 ஏப்ரலில் அந்நாட்டு மருந்து நிர்வாகத்தினர், சில வகை மருந்துகளுக்குப் பிராணிச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தனர். அச்சட்டம் திருத்தப்பட்ட அதே டிசம்பரில் ஓர் ஆராய்ச்சியும் வெளியாயிற்று. 870 கல்லீரல் சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்ததில், கல்லீரலுக்குக் கேடு செய்பவற்றில் நூற்றுக்கு 87-ஐச் சில்லுகள் சரியாகக் காட்டிக் கொடுத்தன. கேடற்றதொன்றையும் கேடுள்ளது என்று பழிக்கவில்லை. மெச்சத்தக்க பலன். எனினும், அச்சில்லுகளைச் செய்து விற்கும் கம்பெனியே அந்த ஆராய்ச்சியை நடத்தியது என்பதையும் மறக்கலாகாது. வியாபாரியின் தராசைப் பிறர் கல்லிட்டுப் பார்ப்பதுதான் முறை.

இவையெல்லாம் நமக்கு என்ன? இங்குதான் நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். 2023-ம் வருஷத்தில் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர். இந்நோய்க் கிருமியை 1882-ல் பெர்லினில் காக் என்னும் மேதாவி கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். அது மற்றக் கிருமிகளைப் போன்றதன்று. குடல் கிருமி ஒன்று இரண்டாவதற்கு இருபது நிமிஷம் போதும். காசக் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் வேண்டும். அது மறைந்து வாழும், அடங்கி உறங்கும். சாதாரணமாகச் சோதனைக்கு உபயோகிக்கும் சுண்டெலியின் நுரையீரலிலோ, மனிதனுக்கு உண்டாவது போன்ற குழிப்புண் உண்டாவதில்லை. நோயின் முதல் நாட்களில், கிருமி காற்றறையில் வந்து விழுந்தவுடன், என்ன நடக்கிறது என்பதை எவரும் பார்த்ததில்லை.

2020-ல் சுவிட்ஜர்லாந்து தேசத்து லொசான் நகர ஆராய்ச்சியாளர் சிலர் நுரையீரல் சில்லில் காசக் கிருமியை விட்டு, நாள்தோறும் படம் பிடித்தனர். காற்றறைகளின் உட்புறத்தை ஈரமாய்ப் போர்த்தி அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு வழுவழுப்பான பூச்சு உண்டு. அப்பூச்சைச் சுரக்கும் அணுக்கள் நன்றாயிருந்த சில்லுகளில் கிருமியின் பெருக்கம் அடங்கியது. பூச்சுக் குறைந்த சில்லுகளில் அது கட்டுமீறிப் பெருகியது. பூச்சை வெளியிலிருந்து அளித்தபோது மீண்டும் அடங்கியது. நோயின் முதல் அடியைப் பற்றி இதனினும் பயனுள்ள செய்தி வேறென்ன வேண்டும்? ஆனால் அச்சில்லில் இருந்தவை சுண்டெலியின் அணுக்கள். மனிதனின் அணுக்களைக் கொண்டு, அதிலும் இந்நோயைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் நம் மக்களின் அணுக்களைக் கொண்டு, இந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் யார்? மலைக் காற்றும் பாற்சோறும் உள்ள நாட்டினரா, நாமா?

நமக்கு இத்துறையில் ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. காசம் கண்டவரைச் சானடோரியத்தில் வைத்து, நல்லுணவும் ஓய்வும் அளித்தால்தான் பிழைப்பர் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. சென்னை நகரத்து ஏழைகள் சிலருக்கு அவர்களுடைய நெருக்கமான வீடுகளிலேயே மருந்து கொடுத்தும், சிலரைச் சானடோரியத்தில் வைத்தும் அந்நிலையத்தார் ஒப்பிட்டுப் பார்த்தனர். வீட்டில் இருந்து மருந்து உண்டவரும் ஏறக்குறைய அவ்வளவு நன்றாகவே குணமடைந்தனர். அவர்களால் வீட்டாருக்கு அதிகத் தொற்றும் ஏற்படவில்லை. 1959-ல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காச சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அதே நிலையம் தேசீய ஸ்தாபனமாக இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. சென்னைச் சேரி மக்களின் நுரையீரல் உலகுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பாடத்தின் அடுத்த அத்தியாயத்தை நாம் விலை கொடுத்து வாங்குவதா?

விலை மாத்திரமே விஷயமானால் நாம் இவ்வளவு வற்புறுத்த மாட்டோம். சில்லில் இருப்பது எவருடைய அணு என்பதே பெரிய விஷயம். ஐசோனியஸிட் என்ற காச மருந்தையே எடுத்துக் கொள்வோம். சிலருடைய கல்லீரல் அதை விரைவில் கழித்துவிடும். சிலருடையது மெதுவாகக் கழிக்கும். மெதுவாகக் கழிப்பவருக்குக் கைகால் நரம்புகளிலும் கல்லீரலிலும் கேடு வர அதிக இடமுண்டு. இது பிறவிக் குணம். ஜப்பானியரில் மெதுவாகக் கழிப்பவர் பத்தில் ஒருவர் அளவே. இந்தியரிலோ பாதிக்கு மேற்பட்டோர். ஜப்பானியரின் கல்லீரலைக் கொண்ட ஆயிரம் சில்லுகளில் ‘தோஷமில்லை’ என்று தேறிய ஒரு மருந்து, தஞ்சாவூர் விவசாயிக்கும் தோஷமில்லை என்று எப்படிச் சொல்வது? நேற்றுவரை எலியைப் பார்த்து மனிதனுக்கு மருந்து வகுத்தோம். நாளை அயலானைப் பார்த்து நமக்கு மருந்து வகுப்போமானால், வழி மாறிற்றேயன்றி வழுக்கல் மாறவில்லை.

நம்மால் ஆகுமா என்று தயங்குவோர்க்கு ஓர் உதாரணம் கூறுவோம். காசக் கிருமியின் மரபுப் பொருளை, ஒரு சிறு சில்லில் வைத்துப் பெருக்கிக் காட்டும் ‘ட்ரூநாட்’ என்ற கருவியைப் பெங்களூரிலும் கோவாவிலும் உள்ள நம்மவர்களே உருவாக்கினர். மின்சாரம் நிற்கும் ஊரிலும் பாட்டரியில் நடக்கும்; மேனாட்டுக் கருவிகளைப் போல் குளிர்ந்த அறை கேளாது. 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு அங்கீகாரம் அளித்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் நுண்ணிய அச்சுகள் செய்யும் தூசியற்ற அறைகள் இருக்கின்றன. பிராணிகளுக்கு மாற்றான முறைகளை வளர்க்க ஐதராபாத்தில் ஒரு நிலையமும் தோன்றியிருக்கிறது. கைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்று சேர்க்கும் உறுதிதான் காணவில்லை.

இச்சில்லுகளுக்குக் குறைகள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அச்சிலிக்கோன் ரப்பர் எண்ணெய்ப் பசையுள்ள சில மருந்துகளைத் தானே உறிஞ்சிவிடுகிறது. அணுவுக்கு எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கு அதனால் பிசகும். ஒரு சாலையில் வார்த்த சில்லும் மற்றொரு சாலையில் வார்த்த சில்லும் ஒரே விடை சொல்லும் என்பதற்கு இன்னும் உறுதி ஏற்படவில்லை. தனி நுரையீரல் மனிதனாகாது. அதற்குப் பின்னே இருதயமும் சிறுநீரகமும் மூளையும் உண்டு. பிள்ளைப் பேற்றையும், பல்லாண்டு கழித்துத் தோன்றும் கேட்டையும் சில நாள் உயிர் வாழும் சில்லில் காண இயலாது. ஆகவே நாளைக்கே பிராணிச் சோதனை அனைத்தையும் ஒழித்துவிட வேண்டும் என்போர் கட்சியில் நாம் இல்லை. இத்தகைய குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் வேலையே விஞ்ஞானம். அந்த வேலையில் பங்கு கொள்ளாதவன், பிறர் திருத்தி முடித்த பின் சந்தைக்குப் போய் நிற்பவனாவான்.

‘ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் ஏன்? ஆஸ்பத்திரிகளில் படுக்கையே போதவில்லையே!’ என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானது. ஆனால் முன்னே கூறிய வார்ப்பு முறையை அவர்கள் நினைவு கூர வேண்டும். செலவு அச்சில் இருக்கிறது, வார்ப்பில் இல்லை. பொதுப் பணத்தில் ஓர் அச்சுச் சாலையை நடத்தி, அச்சுகளை ஆயிரம் கலாசாலைகளுக்குக் கொடுத்தால், மதுரையிலும் கோயமுத்தூரிலும் படிக்கும் ஏழை மாணாக்கனும் சில்லு வார்த்துச் சோதனை செய்வான். அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு சாலையும் தனித்தனியே வெளிநாட்டுச் சில்லுகளை வாங்கினால் அதுதான் ஆடம்பரம்.

சர்க்காருக்கு மூன்று யோசனைகளை வற்புறுத்திக் கூறுகிறோம். முதலாவது, மேற்சொன்ன பொது அச்சுச் சாலை. அதில் செய்யும் அச்சுகளின் வரைபடங்கள் எவருடைய தனிச் சொத்தும் ஆகாமல் தேசத்தின் சொத்தாக இருக்க வேண்டும். இரண்டாவது, உயிரணுக் களஞ்சியம். அறுவைச் சிகிச்சையில் நீக்கப்படும் உறுப்புத் துண்டுகள் நம் ஆஸ்பத்திரிகளில் நாள்தோறும் எரிக்கப்படுகின்றன. நோயாளிக்கு அவருடைய பாஷையில் விஷயத்தை விளக்கி, அவர் மனமார இசைந்தால் மட்டும் அவற்றிலிருந்து அணுக்களை எடுத்துக் காக்க வேண்டும். ஏழையின் சம்மதம் மலிவானது என்று எவரும் எண்ணலாகாது. அவருடைய பெயர் வெளிப்படாமலும், அவருடைய அணுவால் பிறக்கும் மருந்து அவரைப் போன்றோர்க்கு எட்டாத விலையில் விற்கப்படாமலும் காப்பதற்குச் சட்டம் வேண்டும். மூன்றாவது, தராசுக் கல். எந்தச் சில்லின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை மருந்து நிர்வாக இலாகா தெளிவாக வகுக்க வேண்டும். நன்மை தீமை முன்னரே தெரிந்த காச மருந்துகளை, சர்க்கார் சாலைகள் பலவற்றில் ஒரே காலத்தில் சோதித்து, முடிவுகளை வெற்றியாயினும் தோல்வியாயினும் ஒளிக்காமல் பிரசுரிக்க வேண்டும். கல்லை இடாமல் தராசை மட்டும் தொங்கவிட்டால் வியாபாரி சொன்னதே எடை ஆகிவிடும்.

சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் உள்ள நமது பிரதிநிதிகள் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டும். 2023-ல் திருத்திய விதியின் கீழ் எத்தனை சாலைகளுக்குப் பணம் கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது, அதில் எவ்வளவு வெளிநாட்டுச் சரக்குக்குப் போயிற்று என்று அவர்கள் கேட்க வேண்டும். பொது ஜனங்கள் அவர்களைக் கேட்கச் செய்ய வேண்டும். ஆலைகளையும் அணைகளையும் பற்றி மேடையேறிப் பேசும் நம் ஊழியர்கள், மயிரிழைக் கால்வாயைப் பற்றிப் பேசுவது தமக்குப் பெருமையன்று என்று எண்ணலாகாது. பெரிய கால்வாய் நமக்குச் சோறு தருகிறது. இந்தச் சிறு கால்வாய் அந்தச் சோற்றை உண்ணும் உடலைக் காக்கக்கூடும்.

நம் மக்களைப் பீடிக்கும் கிருமி நம் மண்ணிலே இருக்கிறது. அது அரிக்கும் நுரையீரல் நம் மார்பிலே இருக்கிறது. அவ்விரண்டும் போர் புரிவதை நாம் பார்க்க வேண்டுமானால் அயலாருக்கு வாடகை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்னும் நிலை வருமாயின், அதற்குப் பொறுப்பாளிகள் அயலார் அல்லர்; வேளை வந்தபோது வாளாவிருந்த நாமே.